திரிப்போலி உடன்படிக்கையின் பதினோராம் விதி

வட ஆப்பிரிக்க முஸ்லிம் அரசுகளோடு அமெரிக்கா நடத்திய முதற்போரைச் சமயப் போராகச் சித்திரிப்போர் இன்றும் உளர். அக்கால ஆவணங்களோ கப்பம், கடல் வணிகம், வரிச்சுமை ஆகியவற்றைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றன.

விடுதலை பெற்ற அமெரிக்கா பிரிட்டிஷ் கடற்படையின் பாதுகாப்பை இழந்தது. மொராக்கோ சுல்தான் சிதி முஹம்மது 1777இலேயே அதன் கப்பல்களுக்குத் தம் துறைமுகங்களைத் திறந்துவிட்டார். 1786இல் நட்புடன்படிக்கையும் ஏற்பட்டது. அல்ஜியர்ஸ் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. 1785இல் இரு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்து 21 பேரைச் சிறையாக்கியது. கப்பல்களைப் பிடித்து மாந்தரை அடிமையாக்கும் இவ்வழக்கம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. மால்ட்டாவின் கிறித்தவ வீரர்கள் முஸ்லிம்களுக்கு இதையே செய்துவந்தனர். இம்மாலுமிகளுக்காகக் கண்ணீர் வடித்த குடியரசில் 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 7 இலட்சம் அடிமைகள் இருந்தனர். பெஞ்சமின் பிராங்க்ளின் அவ்வாண்டு, தாம் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், அல்ஜியர்ஸ் பிரமுகர் ஒருவர் கிறித்தவ அடிமைமுறைக்காக வாதாடுவதுபோல் அங்கதம் ஒன்றை எழுதி, தம் நாட்டு அடிமை உடைமையாளரை நாணச் செய்தார்.

கப்பம் கட்டுவதா, கடற்படை அமைப்பதா? 1786இல் இலண்டனில் தூதராயிருந்த ஜான் ஆடம்ஸ், போரைவிடக் கப்பமே செலவு குறைந்தது என்றார். பாரிஸில் இருந்த ஜெபர்சன் படைவலியை நாடினார். 1793இல் அல்ஜியர்ஸ் மேலும் 11 கப்பல்களைப் பிடித்தபின், ஆறு போர்க்கப்பல்கள் கட்டும் மசோதா 1794இல் கீழவையில் 50க்கு 39 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஜெபர்சனின் நண்பரான மேடிசன் முதலியோர், கடற்படையால் கடனும் வரியும் மைய அரசின் அதிகாரமும் பெருகும் என அஞ்சி எதிர்த்தனர். பிற்காலத்தில் ஆடம்ஸே கடற்படையை வளர்த்தார் என்பது நோக்கத்தக்கது. அதற்கிடையே 1795இல் அல்ஜியர்ஸோடு செய்துகொண்ட சமாதானத்தின் செலவு பத்து இலட்சம் டாலரை நெருங்கியது.

திரிப்போலியோடு 1796இல் கையெழுத்தான உடன்படிக்கையின் பதினோராம் விதியே நம் கவனத்திற்குரியது. அமெரிக்க அரசு எவ்வகையிலும் கிறித்தவ சமயத்தை அடிப்படையாகக் கொண்டதன்று. முஸ்லிம்களின் சட்டத்தின்மீதோ சமயத்தின்மீதோ அமைதியின்மீதோ அதற்குப் பகைமை இல்லை என்பது அதன் சாரம். செனட் சபை 1797 ஜூன் 7இல் ஒருமனதாக அதை ஏற்றது. ஆடம்ஸ் ஒப்பமிட்டார், செய்தித்தாள்களிலும் வெளிவந்தது. அச்சபையில் பெரும்பான்மை பெற்றிருந்த பெடரலிஸ்டுகள்தாம், மூன்றாண்டு கழித்து 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெபர்சனைச் சமயமற்றவர் எனத் தூற்றினர்!

வியப்பு என்னவெனில், உடன்படிக்கையின் அரபு மூலத்தில் இவ்விதி இல்லை. அவ்விடத்தில் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் திரிப்போலிப் பாஷாவுக்கு எழுதிய கடிதமே காணப்படுகிறது. 1930இல் டச்சு அரபு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோஞ் இதை எடுத்துக்காட்டினார். அமெரிக்கத் தூதர் ஜோயல் பார்லோ சான்றளித்த ஆங்கில வடிவமே செனட்டின் முன் வைக்கப்பட்டது. ஆகவே, அமெரிக்கர் தம்மைப் பற்றித் தாமே ஒப்புக்கொண்ட கூற்று இது எனக் கொள்வது தகும்.

கூடுதல் தொகை கேட்ட யூசுப் பாஷா கரமான்லி, 1801 மே மாதத்தில் அமெரிக்கத் தூதரகக் கொடிமரத்தை வெட்டச் செய்து போர் தொடங்கினார். 1803இல் 'பிலடெல்பியா' கப்பலும் அதிலிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்டோரும் அவர் கைப்பட்டனர். 1805ஆம் ஆண்டுச் சமாதானத்தில் கைதிகளுக்காக அறுபதாயிரம் டாலர் தரப்பட்டது. புதிய உடன்படிக்கையில் கிறித்தவ அடித்தளத்தை மறுக்கும் தொடர் விடுபட்டது. முஸ்லிம்களின் சமயத்தின்மீது பகைமை இல்லை என்ற தொடர் நிலைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் துனிஸ் தூதர் சுலைமான் மெல்லிமெல்லிக்கு விருந்தளித்த அதிபர் ஜெபர்சன், அது ரமளான் மாதமாகையால், பிற்பகல் விருந்தைச் சூரியன் மறையும் நேரத்திற்கு மாற்றியமைத்தார்.