உங்களுக்குத் தெரியுமா? நேர்காணலில் ஒன்பதாம் இடம் பிடித்த திருச்சி மாணவர்

திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1954-இல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர் அப்துல் கலாம். ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதாவும் அதே காலத்தில் அங்கே இயற்பியல்தான் படித்தார்.

பின்னர் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்த கலாம், விமானப் படை நேர்காணலுக்காக டேராடூன் போனார். வந்தவர்கள் 25 பேர், தேவை 8 பேர். இவருக்கு ஒன்பதாம் இடம்! அங்கே அறிவைவிட ஆளுமைக்கே மதிப்பு அதிகம் இருந்ததாகப் பிற்காலத்தில் தன் சுயசரிதையில் எழுதினார். 1958-இல் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தார்.

சில ஆண்டுகள் கழித்து பம்பாயில் இன்னொரு நேர்காணல். எதிரே விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய். கலாமுக்கு என்ன தெரியும் என்று சோதிக்காமல், கலாமால் என்ன முடியும் என்று தேடுவது போல் இருந்தனவாம் அவர் கேள்விகள். மறுநாள் மாலையே வேலை உறுதி. கேட்கிறவரும் தேர்வு எழுதுகிறார் என்பது நம் கட்சி.

ஒரு தகவல்: மத்திய அரசின் 'குரூப் சி' பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. பொன்மலை ரயில்வே பணிமனையில் அப்படியொரு வேலைக்குக் குறிவைப்பவர்கள் நேர்காணலுக்குக் கோட்டு வாங்கும் காசில் எழுத்துத் தேர்வுக்குக் கணக்குப் புத்தகம் வாங்கலாம்.