சத்தம் போடாத கவனக்குறைவு

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு மூன்று விதமாகத் தென்படும். சிலருக்குக் கவனம் நிலைக்காது. சிலருக்கு ஓட்டமும் அவசரமும் தூக்கலாக இருக்கும். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். வகுப்பையே கலைக்கிற பிள்ளையைப் பற்றிப் பள்ளியிலிருந்து போன் வந்துவிடும். ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் முதல் வகைப் பிள்ளையை யாரும் கண்டுகொள்வதில்லை. பெண் குழந்தைகளிடம் இந்த வகையே அதிகம் காணப்படுவதால், ‘நல்ல பிள்ளைதான், கொஞ்சம் மந்தம்’ என்ற பேரோடு அவர்களுக்குப் பல வருடங்கள் ஓடிவிடுகின்றன.

இப்படிப்பட்ட பிள்ளையின் கணக்கு நோட்டைப் புரட்டினாலே தடயம் கிடைக்கும். முதல் மூன்று கணக்கு சரியாக இருக்கும். நான்காவதில் கூட்டல் கழித்தலாகியிருக்கும். ஆறாவது பாதியில் நிற்கும். ரப்பரும் தண்ணீர் பாட்டிலும் அடிக்கடி தொலையும். அதே பிள்ளை பிடித்த கார்ட்டூனை அசையாமல் பார்க்கும். ‘அதுக்கு மட்டும் கவனம் வருதே’ என்று பெரியவர்கள் திட்டுவதில் நியாயம் இல்லை. பிடிக்காத வேலையில் கவனத்தை இழுத்துப் பிடித்து நிறுத்த முடியாததுதான் இந்தக் கோளாறே. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வளர்ப்புக் குறை அல்ல.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டிக்கொடுக்காது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு, ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தலைகாட்டி, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் சிக்கல் என்றால் காரணம் வேறாக இருக்கலாம். காது மந்தம், பார்வைக் குறை, தூக்கமின்மை, வாசிப்புக் குறைபாடு, சில நொடி வெறித்துப் பார்க்கவைக்கும் வலிப்பு ஆகியவையும் இதே தோற்றம் காட்டும். ஆசிரியரின் குறிப்பு இல்லாமல், ஐந்து நிமிடப் பேச்சிலேயே முடிவு சொல்லும் மருத்துவரை நம்ப வேண்டியதில்லை.

ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை. அதற்கு மேல் பயிற்சியுடன் மீதைல்ஃபெனிடேட் போன்ற மருந்தும் தரப்படும். பசியும் தூக்கமும் குறையலாம் என்பதால் எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் மருத்துவர் கவனித்துவருவார். முன்வரிசை இருக்கை, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, துண்டு துண்டாக வீட்டுப்பாடம் என்று பள்ளி செய்துதரக்கூடிய ஏற்பாடுகளுக்குச் செலவே இல்லை.

தமிழ்நாட்டில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் பிள்ளையைக் காட்டலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.