முழங்காலுக்கு ஒன்பது மாதத் தவணை

2016 ஆகஸ்டு 17ஆம் நாள், ரியோ ஒலிம்பிக் மல்யுத்தக் களத்தில் 48 கிலோ எடைப் பிரிவின் காலிறுதி நடந்துகொண்டிருந்தது. சீன வீராங்கனை சுன் யானானுடன் மோதிய நம் வினேஷ் போகாட், முழங்காலைப் பற்றியபடி சரிந்தார். தூக்குப் படுக்கையில் வைத்தே அவரை வெளியே கொண்டு செல்ல நேர்ந்தது. அதே நாளில் சாக்‌ஷி மாலிக் பெற்ற வெண்கலப் பதக்கத்தின் மகிழ்ச்சியில் இக்காட்சி பலர் நினைவிலிருந்து மறைந்திருக்கலாம். ஆனால் 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தமது தொடக்க ஆட்டத்திலேயே அதே சுன் யானானை வீழ்த்திய வினேஷ், 50 கிலோ பிரிவில் தங்கமும் வென்றார். ஆசிய விளையாட்டில் மல்யுத்தத் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

நீரஜ் சோப்ராவின் கதையும் இத்தகையதே. 2019 மே மாதத்தில் அவருடைய முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அவ்வாண்டின் தோஹா உலகத் தடகளப் போட்டியை அவர் இழந்தார். 2020 சனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து, 85 மீட்டர் என்னும் ஒலிம்பிக் தகுதி எல்லையைக் கடந்தார். மறு ஆண்டு டோக்கியோவில் நடந்ததை நாடே அறியும்.

இவர்களுக்கு வாய்த்த மருத்துவக் குழு, மாவட்ட அளவில் கபடி ஆடும் ஒரு கல்லூரி மாணவிக்கு வாய்ப்பதில்லை. அவளுக்கும் முழங்கால் ஒன்றுதான். அதை நம்பித்தான் இரயில்வேயிலோ, காவல்துறையிலோ, நம்மைப் போன்ற வங்கிகளிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலையை அக்குடும்பம் எதிர்பார்க்கிறது. அறுவை சிகிச்சைக்கு எப்படியாவது பணம் திரட்டும் குடும்பங்கள், அதற்குப் பின் வரும் மாதங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதே நம் கவலை.

முதலில் மதிப்பீடு. கால் பிசகினால் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நம் நாட்டு வழக்கம். புதிய காயத்தை உருவினால் உள்ளே கசியும் இரத்தமும் வீக்கமும் மிகுமேயன்றிக் குறையா. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஓய்வு, மிதமான அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை போதும். கணுக்கால் பிசகியவருக்கு எலும்பு முறிவு உண்டா என்பதை அறிய, கனடா நாட்டு மருத்துவர்கள் 1992இல் வகுத்த எளிய விதிகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முண்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

முழங்கால் சற்றே சிக்கலானது. ஊரார் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று சொல்வது பெரும்பாலும் முழங்காலின் முன்பக்கக் குறுக்குத் தசைநாரைக் குறிக்கும். பாய்ந்து வந்து சட்டெனத் திரும்பும்போதோ, எம்பிக் குதித்துத் தரையிறங்கும்போதோ இது அறுகிறது. பல வேளைகளில் எதிராளி தொட்டிருக்கவே மாட்டார். ‘டப்’ என்று ஓர் ஓசை கேட்டதாக வீரர் சொல்வார். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கும். தேர்ந்த மருத்துவர் இவ்விரண்டையும் கேட்டறிந்த பின், முழங்காலைச் சற்றே மடக்கி, கீழ்க்கால் எலும்பை முன்னோக்கி இழுத்துப் பார்ப்பார். லாக்மன் சோதனை எனப்படும் இது, கையாலேயே செய்யப்படுவது. எம்.ஆர்.ஐ. படம் அதன் பின்னர்தான்.

கடன் விண்ணப்பத்தை நாம் ஒரே ஒரு தாளைக் கொண்டு முடிவு செய்வதில்லை. விண்ணப்பதாரரிடம் பேசுகிறோம், இடத்தை நேரில் பார்க்கிறோம். காலைத் தொட்டுப் பாராமல் படத்தை மட்டும் பார்த்து அறுவைக்கு நாள் குறிப்பவரிடம் வாடிக்கையாளர்கள் இரண்டாவது கருத்துக் கேட்பது நலம்.

தசைநார் அறுந்த அனைவருக்கும் அறுவை தேவையா? சுவீடனில் 121 இளம் வயதினரைக் கொண்டு நடந்து 2010இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தேடியது. முதலில் பயிற்சி சிகிச்சை, தேவையானால் மட்டும் அறுவை என்ற முறையில் வைக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஐந்தாண்டுகள் ஆகியும் அறுவை தேவைப்படவில்லை. எனினும் உயர்நிலைப் போட்டியாளர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. கபடி, கால்பந்து, மல்யுத்தம் எனத் திரும்பித் திரும்பி ஆடும் களத்துக்கே மீள விரும்புவோருக்குப் பெரும்பாலும் அறுவையே பரிந்துரைக்கப்படுகிறது.

அறுவையில், தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லின் கீழிருந்தோ நாண் ஒன்றை எடுத்துத் தசைநார் இருந்த இடத்தில் பொருத்துவர். பொருத்திய நாணுக்குத் தொடக்கத்தில் இரத்த ஓட்டம் இல்லை. உடல் அதனை மெல்லத் தன்னதாக்கிக்கொள்ளும் முதல் சில மாதங்களில் அது வலுக்குன்றியே இருக்கும். வலியோ அதற்கு முன்பே நீங்கிவிடும்! நான்காம் மாதத்தில் படியேறி, மெல்ல ஓடவும் முடிகிற ஓர் இளைஞரை ஆடாதே என்று தடுப்பது எளிதன்று. தவணை தொடங்காத சலுகைக் காலத்தில் கையிருப்பு மிகுதியாய்த் தோன்றுவதைப் போன்ற மயக்கம் அது.

ஆஸ்லோ நகரில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஒன்பதாம் மாதம் வரை களம் திரும்புவதைத் தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வீதம் 51 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. நாட்காட்டி மட்டும் போதாது. முன்தொடைத் தசையின் வலிமை மறுகாலின் வலிமையில் 90 சதவீதத்தையேனும் எட்ட வேண்டும்; ஒற்றைக்காலில் தாவும் தூரமும் அவ்வாறே. இவற்றை அளந்து சொல்பவர் இயன்முறை மருத்துவர். ‘மீண்டும் அறுந்துவிடுமோ’ என்ற அச்சமும் அளக்கத்தக்கதே. அச்சம் நீங்காமல் களமிறங்குபவர் காலைத் தயங்கித் தயங்கி ஊன்றுவதால், மற்றொரு காலுக்குச் சுமை கூடுகிறது.

இனி நம் துறைக்கு வருவோம். வங்கிகள் வழியே ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியது. மருத்துவமனைச் செலவை அது தருவதில்லை. கிழிந்த தசைநாருக்கு அதில் இழப்பீடு எதிர்பார்த்து வரும் வாடிக்கையாளர்களிடம் இதனை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுவைச் செலவுக்கு மருத்துவக் காப்பீடே துணை. புதிய பாலிசிகளில் முதல் 30 நாள் காத்திருப்பு விதி உண்டெனினும், விபத்தால் நேரும் காயங்களுக்கு அது பொருந்தாது. மலையேற்றம், மோட்டார் பந்தயம் போன்ற இடர்மிகு விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபட்டு அடைந்த காயம் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் பொதுவகைப் பாலிசியில், மருத்துவமனையிலிருந்து வெளிவந்த பிறகான செலவுகள் 60 நாட்களுக்கு மட்டுமே ஏற்கப்படும். முழங்காலோ ஒன்பது மாதம் கேட்கிறது. மீதி ஏழு மாத இயன்முறை சிகிச்சை குடும்பத்தின் கையிருப்பிலிருந்தே நடக்க வேண்டும். அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே, வாரத்துக்கு எத்தனை அமர்வுகள், ஓர் அமர்வுக்கு என்ன கட்டணம் என்று கேட்டு, அத்தொகையைத் தனியாக ஒரு தொடர் வைப்புக் கணக்கிலோ சேமிப்பிலோ ஒதுக்கி வைக்கலாம். வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளை எழுதி வாங்கிக்கொண்டால் அமர்வுகளின் எண்ணிக்கையும் குறையும். அந்த 60 நாட்களுக்குரிய பில்களை மருத்துவரின் பரிந்துரைச் சீட்டுடன் சேர்த்து வைத்து, அக்காலச் சிகிச்சை முடிந்த 15 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் அளித்துவிட வேண்டும்.