வதந்தி என்று முத்திரை குத்துவது யார்?

2024 ஜூன் 19. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் சாவு. வயிற்றெரிச்சல், வாந்தி, கண் மங்கல் என்று அரசு மருத்துவமனைக்கு ஓடியவர்கள் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள். கள்ளச்சாராயம் காரணமில்லை என்று மாவட்ட ஆட்சியர் முதலில் மறுத்தார். அன்றே அவர் மாற்றப்பட்டார், எஸ்.பி. பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பலி 60-ஐத் தாண்டியது. கொன்றது சாராயத்தில் இருந்த மெத்தனால்.

அன்று காலை "கள்ளச்சாராயம்தான்" என்று ஃபேஸ்புக்கில் ஒருவர் எழுதியிருந்தால், அரசு மறுப்பின்படி அது வதந்தி. மாலையில் அதுவே செய்தி.

இதே மாவட்டம் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறது. 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்தார். யூடியூபில் ஆளாளுக்குத் தீர்ப்பெழுதினார்கள். வாட்ஸ்அப்பில் திரண்ட கூட்டம் 17-ஆம் தேதி பள்ளிப் பேருந்துகளைக் கொளுத்தியது. இணையத்தில் தனி விசாரணை நடத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எரிந்த பேருந்துகளைப் பார்த்த யாரும் கட்டுப்பாடே வேண்டாம் என்று வாதாட மாட்டார்கள்.

தணிக்கைக் கத்தரிக்கோல் யார் கையில் என்பதுதான் கேள்வி. 2025 பிப்ரவரியில், ட்ரம்ப் அருகே மோடி கைவிலங்கோடு அமர்ந்திருக்கும் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடங்கியது. புகார் கொடுத்தவர் அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை. கருத்துரிமை பேசிக் கண்டித்தவர் முதல்வர் ஸ்டாலின். அந்தச் சித்திரத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்க மார்ச்சில் உயர் நீதிமன்றம் வழிசெய்தது.

அதே ஸ்டாலின் அரசு 2023-இல் தன் சொந்தத் தகவல் சரிபார்ப்பகத்தைத் தொடங்கியபோது, நீதிமன்றம் போனது அ.தி.மு.க. தரப்பு. ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளுக்குத் தானே நடுவராக அமைக்கவிருந்த பிரிவுக்கான விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நாற்காலி மாறினால் பேச்சும் மாறுகிறது, அவ்வளவுதான்.

கருணாபுரத்தில் ஆட்சியரின் மறுப்பு எல்லார் காதிலும் விழுந்தது. அதனால் ஒரே நாளில் உடைந்தது. விகடன் தளத்துக்கு வந்ததுபோன்ற முடக்க உத்தரவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி முடக்கத்துக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஆனால் அந்த நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கவேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டு விதி.