கம்ப்யூட்டரில் 'இ.எக்ஸ்.இ' எரரா? பதறிப்போய் எதையும் டவுன்லோடு செய்யாதீங்க!

மகளுக்கு இன்னும் அரை மணி நேரத்தில் ஆன்லைன் தேர்வு. சாஃப்ட்வேரை டபுள் க்ளிக் செய்தால், திரையில் எரர் பெட்டி எட்டிப் பார்க்கிறது. உடனே அந்த வரியை கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படும் தளத்திலிருந்து எதையோ டவுன்லோடு செய்கிறோம். சின்னச் சிக்கல் பெரிய தலைவலியாக மாறுவது பெரும்பாலும் இங்கேதான்!

விண்டோஸில் ஒரு சாஃப்ட்வேரை இயக்கும் ஃபைலின் பெயர் பெரும்பாலும் 'இ.எக்ஸ்.இ' என்று முடியும். அது ஏன் ஓடவில்லை என்பதை எரர் செய்தியே பாதி சொல்லிவிடும். எனவே, பெட்டியை மூடும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

'டி.எல்.எல் ஃபைல் இல்லை' என்று வந்தால்...

குழம்புக்கு எல்லாம் தயார், புளி மட்டும் இல்லை என்பது போன்ற நிலை இது. 'விசிரன்டைம்140' என்ற பெயர் தெரிந்தால், மைக்ரோசாஃப்டின் 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' தேவை என்று அர்த்தம். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே அது இலவசம். தனி டி.எல்.எல் ஃபைல் தரும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். அதில் வைரஸும் சேர்ந்து வரலாம்.

'இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது' என்றால்...

செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என வரிசையாகச் சென்று 'சிஸ்டம் டைப்' பாருங்கள். 32 பிட் விண்டோஸில் 64 பிட் சாஃப்ட்வேர் ஓடாது. அது சரியாக இருந்தால், டவுன்லோடு பாதியில் நின்றிருக்கலாம். பழைய ஃபைலை அழித்துவிட்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மறுபடி இறக்குங்கள்.

ஃபைலையே காணோமா?

ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்தால் தெரியும். 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று சொல்லும் 'கிராக்' சாஃப்ட்வேர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடுங்கள்.

பல சாஃப்ட்வேர்கள் ஒரே நேரத்தில் மக்கர் செய்தால்...

கோளாறு விண்டோஸிலேயே இருக்கலாம். முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகவில்லை என்றால், 'கமாண்ட் ப்ராம்ப்ட்'டை ரைட் க்ளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். 'எஸ்.எஃப்.சி' என்ற மூன்று எழுத்துகளைப் புள்ளியில்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதையொட்டி 'ஸ்கேன்நவ்' என்று ஆங்கிலத்திலேயே கொடுத்து என்டர் தட்டுங்கள். பழுதான சிஸ்டம் ஃபைல்களை விண்டோஸே தேடிச் சரிசெய்யும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், நடுவில் மூடிவிடாதீர்கள்.

இது எரர் அல்ல, எச்சரிக்கை!

'விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி' என்ற நீலப் பெட்டி வந்தால், விண்டோஸுக்குப் பரிச்சயமில்லாத ஃபைல் என்று பொருள். எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாமல் 'ரன் எனிவே' அழுத்த வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, பில், போட்டோ என்று வரும் ஃபைலின் பெயர் கடைசியில் 'இ.எக்ஸ்.இ' என முடிந்தால், திறக்காமல் அழித்துவிடுங்கள்.

முக்கியமான ஒன்று... 'இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்' என்று திரை அலறினால், அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எரர் செய்தியில் போன் நம்பர் இருக்காது. நம்பிப் பணம் அனுப்பிவிட்டால், தாமதிக்காமல் 1930 சைபர் க்ரைம் உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்!