ஸ்கிரீன்ஷொட் ஒரு சாட்சியாகுமா?

“ஆதாரம் இருக்கிறது” என்று சொல்லி ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்புகிறார். அலுவலகக் குழுமமொன்றில் ஒரு சகோதரர் தனது முகாமையாளரைப் பற்றி மிக மோசமாக எழுதியிருப்பதாக அந்தப் படம் காட்டுகிறது. பெயர் இருக்கிறது, முகப்படம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, இரண்டு நீல நிற அடையாளங்களும் இருக்கின்றன. அரை மணித்தியாலத்தில் அது ஊர்க் குழுமங்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்துவிடுகிறது. அவ்வாறு அவர் எழுதினாரா என்று அவரிடமே கேட்டவர் எத்தனை பேர்?

ஸ்கிரீன்ஷொட் என்பது உரையாடல் அல்ல. உரையாடலின் படம் மட்டுமே. அந்தப் படத்தைப் போலியாக உருவாக்க இன்று எந்தத் தொழில்நுட்ப அறிவும் தேவையில்லை. பெயரையும் வசனத்தையும் கொடுத்தால் அசல் போன்ற உரையாடல் படத்தைத் தரும் இணையத்தளங்களும் செயலிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. அதைவிட எளிதான வழியும் உண்டு. வேறொரு தொலைபேசி இலக்கத்தை உங்கள் பெயரில் சேமித்து, உங்கள் முகப்படத்தையும் அதில் இட்டு, அந்த இலக்கத்திலிருந்து தனக்குத்தானே செய்தி அனுப்பினால் போதும். படத்தில் தெரிவது சேமித்த பெயர்தான்; இலக்கம் தெரியாது. கணினியில் வட்ஸ்அப், டீம்ஸ், ஸ்லாக் போன்றவற்றை பிரவுசரில் திறப்பவர்கள், திரையில் தெரியும் எழுத்துக்களைத் தற்காலிகமாக மாற்றிப் படமெடுக்கவும் முடியும்.

போலி செய்யாமலும் பொய் சொல்லலாம். “எனக்கு மட்டும் நீக்கு” என்ற தெரிவைப் பயன்படுத்தித் தான் அனுப்பிய வசவை அழித்துவிட்டு, மற்றவர் கொடுத்த பதிலை மாத்திரம் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நீக்கினால் நீக்கப்பட்டதற்கான குறிப்பு நிற்கும். தனக்கு மட்டும் நீக்கினால் உரையாடலில் அந்த இடம் வெறுமையாகக்கூடத் தெரியாது. முன்னும் பின்னும் வெட்டிய ஒரு வசனம் முழுப் பொய்யை விடவும் ஆபத்தானது.

இதனை இலங்கை முஸ்லிம்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் ஆங்கிலத்தில் இட்ட பேஸ்புக் கருத்து, அச்சுறுத்தல் என்று விளங்கிக்கொள்ளப்பட்டுப் படமாகப் பரவியது. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மறுநாள் குளியாப்பிட்டிய, ஹெட்டிபொல, மினுவாங்கொட என வன்முறை விரிந்தது. அந்தக் கருத்து போலியானதல்ல. அதன் முன்னும் பின்னும் என்ன இருந்தது, அதன் பொருள் என்ன என்று நிதானமாகப் பார்க்க எவரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மாதிரி உரையாடல் படங்களை உருவாக்குவது அடிப்படையில் குற்றமல்ல. இணைய மோசடி எப்படி நடக்கிறது என்று ஊழியர்களுக்குக் கற்பிக்கவும், நாடகங்களுக்கும், செயலிகளின் வடிவமைப்புக்கும் அவை தேவைப்படுகின்றன. ஆனால் அவற்றில் கற்பனைப் பெயர்களே இருக்க வேண்டும். “மாதிரி” என்ற சொல் படத்துக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். கீழே தனியாக எழுதும் விளக்கம் முதலாவது பகிர்விலேயே கழன்றுவிடும்.

அப்படியானால் உண்மையை எவ்வாறு அறிவது? படத்தை உருப்பெருக்கிப் பார்ப்பதால் பெரிதாகப் பயனில்லை. அசல் கைத்தொலைபேசியில் அந்த உரையாடலைத் திறந்து மேலும் கீழும் நகர்த்திக் காட்டச் சொல்ல வேண்டும். பெயரை அழுத்தி இலக்கத்தைப் பார்க்க வேண்டும். மற்றத் தரப்பின் தொலைபேசியிலும் அதே செய்தி இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். குழுமம் என்றால் ஏனைய உறுப்பினர்களின் தொலைபேசிகளே சாட்சி. நிறுவனக் கணக்கிலுள்ள டீம்ஸ், ஸ்லாக் போன்றவையாயின் நிர்வாகியிடம் பதிவு இருக்கக்கூடும். வட்ஸ்அப் செய்திகளின் உள்ளடக்கம் இரு முனைகளுக்கிடையே மறைகுறியாக்கப்படுவதால், தொலைபேசிகளையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாட்டின் சட்டமும் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொல்லவில்லை. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் கணினிச் சான்றை முன்வைப்பவர், எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எதிர்த்தரப்பு அந்தச் சான்றையும் அது உருவான கருவியையும் பரிசோதிக்க அனுமதி கோரலாம். நீதிமன்றம் வழங்கும் இந்த வாய்ப்பை ஓர் அலுவலக ஒழுக்காற்று விசாரணையோ பள்ளிவாசல் நிர்வாகமோ ஏன் வழங்கக் கூடாது? குற்றம் சாட்டப்பட்ட ஊழியர், அசலைக் காட்டுமாறு எழுத்துமூலம் கேட்க வேண்டும். தனது தொலைபேசியிலுள்ள உரையாடலை அழிக்காமல் பாதுகாக்கவும் வேண்டும். பதற்றத்தில் அழித்துவிட்டால் தன்னை விடுவிக்கும் சாட்சியையே அழித்ததாகிவிடும்.

சட்டத்துக்கு முன்பே நமக்கு மார்க்கம் வழிகாட்டியிருக்கிறது. சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆவது வசனம், பாவியொருவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்பதே அதற்கான காரணம். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீதான அவதூறு மதீனாவில் சுமார் ஒரு மாதம் பேசப்பட்டது. அதனை இட்டுக்கட்டியவர்கள் சிலர். வாய்க்கு வாய் கடத்தியவர்களில் நல்ல மனிதர்களும் இருந்தார்கள். சூரா அந்நூர் அவர்களையும் கண்டித்தது. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தின் மீது குற்றம் சுமத்த நான்கு சாட்சிகளைக் கேட்கும் மார்க்கத்தில், எவர் எடுத்தது என்றே தெரியாத ஒரு படம் எத்தனை சாட்சிக்குச் சமம்?

வேலைக்குச் செல்லும் நமது சகோதரிகளே இதில் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள். ஒரு படத்தால் ஒருவருக்கு வேலை போனால், தொழில் நியாய சபைக்குச் சென்றாவது பரிகாரம் தேடலாம். ஊரில் போன பெயரை மீட்டுத் தர எந்தச் சபையும் இல்லை. அடுத்த முறை அப்படியொரு படம் உங்கள் கைக்கு வந்தால் அதை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனுப்பியவரிடம் “அசலை நீங்கள் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேளுங்கள்.