ஊர் கூடி இழுக்கும் தேர்

பழைய ஏட்டுச் சுவடி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் நிலைமை நன்கு தெரியும். கட்டை அவிழ்க்கும்போதே ஓரம் ஒடிகிறது. ஏட்டைப் புரட்டும்போது நுனி முறிகிறது. செல்லும் பூச்சியும் தின்றது போக எஞ்சியதே நமக்குக் கிடைக்கிறது. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் இத்தகைய சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். வீடுகளிலும் மடங்களிலும் அகப்பட்ட பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சிட்டு உதவினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும் இத்திருப்பணிக்கே தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

அச்சு வந்த பிறகு நூல்கள் அழியும் என்ற அச்சம் ஒழிந்தது என்று நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழை என்பது 1981-ஆம் ஆண்டில் புலனாயிற்று. அவ்வருஷம் மே 31-ந் தேதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. கிடைத்தற்கரிய ஓலைச் சுவடிகளும் அவற்றோடு வெந்து போயின. கட்டிடத்தை மறுபடியும் எழுப்பிவிட்டார்கள். வேறெங்கும் பிரதியில்லாத நூலை எவ்வாறு மறுபடியும் எழுப்புவது?

நூலைக் காப்பதற்கு வழி, அதன் பிரதிகளைப் பல இடங்களில் பரப்பி வைப்பதேயாகும். இந்தக் காரியத்துக்கு இணையம் ஒரு புதிய சாதனமாக வாய்த்தது. 1998-ஆம் ஆண்டு தைப் பொங்கல் தினத்தில், ஸ்விட்ஸர்லாந்தில் லோசான் நகரில் இரசாயன ஆராய்ச்சி செய்துவந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களும் பல தேசங்களில் வாழும் தமிழன்பர்களும் சேர்ந்து "மதுரைத் திட்டம்" என்பதைத் தொடங்கினார்கள். பண்டைத் தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி, எவரும் காசின்றிப் படிக்கவும் பிரதி செய்துகொள்ளவும் கொடுப்பதே அதன் நோக்கம். ஒரு தேசத்தில் ஒருவர் தட்டெழுதுவார்; மற்றொரு தேசத்தில் இன்னொருவர் பிழை திருத்துவார். இவர்களில் அநேகர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கூலி என்று ஒரு காசு பெற்றவரும் இல்லை.

தொழில் சுலபமாக நடந்தது என்று நேயர்கள் எண்ண வேண்டாம். ஆரம்பத்திலேயே பெரியதோர் இடையூறு இருந்தது. அக்காலத்துக் கணினியில் எழுத்துக்களை வைக்க 256 அறைகளே உண்டு. அவற்றில் முற்பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. எஞ்சிய பாதிக்குள் நமது 247 எழுத்துக்களையும் அடக்க இயலுமா? எனவே எழுத்துருச் செய்தவர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய எழுத்துக்களைத் தேர்ந்து, தமக்குத் தோன்றிய அறையில் வைத்தார்கள். ஒருவர் 'க' வைத்த அறையில் மற்றொருவர் 'பி' வைத்தால் என்ன ஆகும்? இங்கே அழகிய தமிழாக அனுப்பிய கடிதம் அங்கே போய்ச் சேரும்போது பொருளற்ற கோலமாகிவிடும். கம்பிகளால் உலகம் முழுவதும் இணைந்திருந்தது. ஆனால் தமிழனுக்குத் தமிழன் எழுதியது விளங்கவில்லை!

இதைத் தீர்ப்பதற்கு யந்திர ஞானம் மட்டும் போதவில்லை. விட்டுக்கொடுக்கும் மனமும் வேண்டியிருந்தது. நான் செய்த எழுத்துருவே சிறந்தது என்று ஒவ்வொருவரும் பிடிவாதம் பிடித்திருந்தால் காரியம் அன்றே கெட்டிருக்கும். தமிழன்பர்கள் மின்னஞ்சல் வழியாக நெடுநாள் வாதாடி, "திஸ்கி" என்னும் பொதுக் குறியீடு ஒன்றை வகுத்தார்கள். மதுரைத் திட்டமும் அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர், உலகத்து எழுத்து முறைகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கிய யூனிகோடு என்னும் ஒருங்குறி பரவிய பொழுது, தாங்கள் அரும்பாடுபட்டு நிலைநாட்டிய முறையையே கைவிட்டு, நூல்களைப் புதிய குறியீட்டுக்கு மாற்றினார்கள். தமிழ்நாட்டு அரசாங்கமும் 2010-ல் ஒருங்குறியை அங்கீகரித்தது. இன்று நாம் கைப்பேசியில் "வணக்கம்" என்று எழுதினால் அது கனடாவிலும் மலேயாவிலும் "வணக்கம்" என்றே தெரிகிறதல்லவா? இந்த விட்டுக்கொடுத்தலின் பயனையும் அதில் நாம் அநுபவிக்கிறோம்.

மதுரைத் திட்டம் காட்டிய பாதையில் வேறு பலரும் புறப்பட்டார்கள். 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. பொது மக்களே எழுதித் திருத்தும் அக்கலைக் களஞ்சியத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்துள்ளன. 2005-ல் ஈழத்து இளைஞர்கள் "நூலகம்" என்ற பெயரில் ஓர் இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், துண்டுப் பிரசுரங்கள் என லட்சத்துக்கு மேற்பட்டவை இன்று அதில் உள்ளன. எரிந்தது திரும்பி வராது; ஆயினும் எஞ்சியதை இனி ஒரு தீயால் அழித்துவிட முடியாது.

விக்கிமூலம் என்னும் மற்றொரு பணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரதியாரின் நூல்களுக்குரிய உரிமையை 1949-ல் சென்னை அரசாங்கம் பெற்று, பின்னர் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கியது. அந்த வழியில் பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின. அவ்வகை நூல்களின் பக்கங்கள் படங்களாக விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒரு பாதியில் பக்கத்தின் படம் இருக்கும். மறு பாதியில் யந்திரம் படித்தெழுதிய வாசகம் இருக்கும். ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தினால் அப்பக்கத்துக்கு மஞ்சள் நிறம் கிடைக்கும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்தால்தான் பச்சை நிறம். முதலில் திருத்தியவரே தமக்குப் பச்சை கொடுத்துக்கொள்ள முடியாது! எத்தனை பெரிய பண்டிதரானாலும் மற்றொருவர் கண் வேண்டும் என்பது அங்கே விதி.

யந்திரம் படிக்கும் போது ஏன் இத்தனை காவல் என்று சிலர் கேட்கலாம். யந்திரத்துக்கு 'ர' என்னும் எழுத்துக்கும் காலுக்கும் வேற்றுமை தெரியாமல் போவதுண்டு. பழைய அச்சிலோ, 'லை', 'னை' முதலிய எழுத்துக்கள் யானைத் துதிக்கை போல் வளைந்த கொம்புடன் வரும். 1978-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் செய்த பிறகு பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளுக்கு அவ்வெழுத்துக்கள் பழக்கமில்லை. அவர்கள் அதைக் கண்டு சற்றே திகைக்கிறார்கள், யந்திரமும் திகைக்கிறது. திகையாமல் படிப்பவர்கள் நம் வீட்டுப் பாட்டனாரும் பாட்டியாருமே. அவர்களுடைய தொகை வருஷந்தோறும் குறைந்து வருகிறது. இதை நாம் மறக்கலாகாது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? காலையில் கண் விழித்ததும் கைப்பேசியை எடுக்கிறோம். யாரோ அனுப்பியதை யாருக்கோ அனுப்புகிறோம். ஔவையார் பாடாத பாட்டு அவர் பெயரால் வருகிறது. மெய்யா பொய்யா என்று விசாரியாமல் அதையும் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோம். பிழையும் பிரதியாகிப் பரவுகிறது. இவ்வளவு நெருங்கிப் பிணைந்த உலகத்தில் இருந்துகொண்டு, ஒரு வரியேனும் சேர்ந்து செய்தோமா என்று கேட்டால் விடை சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது. கைப்பேசியை நாம் குறை கூறவில்லை. மதுரைத் திட்டத்து அன்பர்கள் 1998-ல் வைத்திருந்த கணினியைவிட நம் கையிலிருப்பது பன்மடங்கு வல்லமை உடையது.

ஆகவே நேயர்களிடம் நாம் கேட்பது சிறிய உதவிதான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தைத் திறவுங்கள். பாட்டனார் பழைய எழுத்தை வாய்விட்டுப் படிக்கட்டும்; பேத்தி திருத்தி எழுதட்டும். சந்தேகம் வந்தால் தாயாரும் தந்தையாரும் நடுவே புகுந்து வாதாடட்டும். ஒரு வாரத்தில் ஒரு பக்கம் முடிந்தாலும் போதும். பேத்திக்குப் பழைய எழுத்து வசப்படும். பாட்டனாருக்குப் புதிய கருவி வசப்படும். தமிழுக்கு ஒரு பக்கம் பிழையின்றி நிலைபெறும்.

சாமிநாதையர் அலைந்த ஊர்களுக்கு இன்று நாம் நடந்து செல்ல வேண்டியதில்லை. ஏடு நம் கூடத்துக்கே வந்து காத்திருக்கிறது. வடத்தில் ஒரு கை வைப்போமா?